வெள்ளிக்கிழமைத் தட்டு

எத்தியோப்பியாவுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் யாராவது என்னைத் தேடி வந்தால், சம்பளத்தைப் பற்றி அப்புறம்தான் கேட்பார்கள். “அங்க சோத்துக்கு என்ன பண்றது சார்?” என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த நாடு அவ்வளவு தூரமில்லை. ஹைலே செலாசி பேரரசராக இருந்த காலத்திலேயே இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே பள்ளிக்கூடங்களில் பாடம் எடுத்தார்கள். 2000க்குப் பிறகு அந்த அரசாங்கம் ஊர் ஊராகப் பல்கலைக்கழகம் திறந்தபோது நம் பொறியியல், அறிவியல் விரிவுரையாளர்கள் கிளம்பினார்கள். நானும் மணப்பாறையிலிருந்து அப்படிப் போனவன்தான். 2016இல் ஹவாசாவில் பெரிய தொழிற்பூங்கா வந்தது. பின்னலாடைத் தொழில் தெரிந்த தமிழர்களும் அங்கே போனார்கள்.

போகிற எல்லோர் பெட்டியிலும் குக்கர், பருப்புப் பொடி, புளி, ஊறுகாய், மிளகாய்த்தூள் இருக்கும். தாராளமாகக் கொண்டுபோங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்குள்ளேயே பொங்கித் தின்றுவிட்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தெரு முனையில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குள் போகாதவர் அந்த நாட்டுக்குப் போனதில் பாதிதான் போயிருக்கிறார். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் இஞ்சேரா

இஞ்சேரா இல்லாமல் அங்கே சாப்பாடு இல்லை. டெஃப் என்ற புல்வகைத் தானியத்தில் செய்வது. ஒரு கிராம் டெஃபில் ஏறத்தாழ 3,000 மணிகள் இருக்கும்; விரலிடுக்கில் நிற்காது, அவ்வளவு பொடிசு. மாவைத் தண்ணீரில் கரைத்து, போன தடவை புளித்த மாவின் மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரை உறையாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் வைத்துவிடுவார்கள். அந்த உறைநீருக்கு எர்ஷோ என்று பெயர். புளித்த பிறகு அதில் கொஞ்சம் மாவை எடுத்து அடுப்பில் கஞ்சியாகக் காய்ச்சி மறுபடி அதிலேயே சேர்ப்பார்கள். மாவு இன்னொரு முறை பொங்கும். அப்புறம்தான் சுடுவது.

சுடுகிற மண் கல்லுக்கு மிட்டாட் என்று பெயர். அரை மீட்டருக்கு மேல் அகலம். அந்த அம்மா மாவை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாம் தோசை வார்ப்பது நடுவிலிருந்து வெளியே. அவர்களுடையது வெளியிலிருந்து உள்ளே. மூடி போட்டு ஆவியில் வேகவிடுவார்கள், திருப்பிப் போடுவதில்லை. மேல்புறம் முழுக்க ஆயிரக்கணக்கில் துளைகள் விழும். அவற்றைக் கண் என்பார்கள். கண் சீராக விழுந்திருந்தால் கைகாரி சுட்டது என்று அர்த்தம். இந்தியர்கள் எல்லோரும் தோசை என்று சொல்வார்கள். எனக்கென்னவோ ஆப்பத்தின் நடுப்பகுதியை மேசை அளவுக்கு விரித்து இன்னும் நன்றாகப் புளிக்கவிட்ட மாதிரிதான் தோன்றியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இஞ்சேரா சூடாக வராது. ஆறின பிறகுதான் பரிமாறுவார்கள், அதுதான் அதன் பக்குவம். புளிப்பும் முதல் சில நாள் தூக்கலாகத் தெரியும். தனியாகப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். காரமான குழம்போடு சேரும்போதுதான் அந்தப் புளிப்பு எதற்காக என்பது விளங்கும்.

புதனும் வெள்ளியும்

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். ஈஸ்டர் முடிந்த 50 நாள் மட்டும் விலக்கு. ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய நோன்பு 55 நாள். இன்னும் பல நோன்புகள் உண்டு. எல்லாம் சேர்த்தால் சாதாரணக் குடும்பத்தில் இருப்பவருக்கே வருஷத்தில் 180 நாளுக்கு மேல் விரதம் வந்துவிடும். அந்த நாட்களில் கறி, முட்டை மட்டுமல்ல, பால், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது. இதனால்தான் அந்த நாட்டில் பால்பொருள் கலக்காத மரக்கறிச் சமையல் அவ்வளவு தூரம் தேர்ந்திருக்கிறது. ஒரு ஜனமே வருஷத்தில் பாதி நாள் பருப்பையும் கீரையையும் ருசியாகச் சமைத்தாக வேண்டும் என்றால், கை தேறாமல் என்ன செய்யும்?

கடைக்குப் போய் நீங்கள் கேட்க வேண்டியது ‘யெட்சோம் பெயாய்னட்டு’. விரதச் சாப்பாட்டில் எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்று அர்த்தம்.

எங்கள் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு கடை இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அங்கே இடம் கிடைப்பதே பெரும்பாடு. உட்கார்ந்ததும் ஒரு பெண் குவளையும் தாம்பாளமும் கொண்டுவந்து கையில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு வட்டமான பெரிய தட்டு வரும். தட்டு முழுக்க இஞ்சேரா விரித்திருக்கும். அதன்மேல் சுற்றிலும் குவியல் குவியலாகக் கறிகள்: சிவப்பாக மைசூர் பருப்பில் செய்த மிஸிர் வொட், மஞ்சள் போட்டு மிளகாய் சேர்க்காமல் பட்டாணிப் பருப்பில் செய்த கிக் அலிச்சா, கோமன் என்ற கீரை, முட்டைக்கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பொரியல், பீட்ரூட், பச்சை மிளகாய் கீறிப்போட்ட தக்காளி. கடைசியாக ஒரு சின்ன மண்சட்டியில் ஷிரோ, இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வரும். அதைத் தட்டின் நடுவே கவிழ்ப்பார்கள்.

ஷிரோ என்பது கடலை, பட்டாணி வகைகளை வறுத்து மசாலாவோடு அரைத்த மாவில் கிண்டும் குழம்பு. அங்கே ஏழை பணக்காரர் எல்லோர் வீட்டுச் சாப்பாடும் அதுதான். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஷிரோவைத்தான். நம் நாக்கு அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்.

அவர்கள் குழம்பு வைக்கும் விதத்தையும் நின்று பார்த்திருக்கிறேன். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, எண்ணெயே விடாமல் வெறும் சட்டியில் போட்டு, நெடுநேரம் கிளறுவார்கள். வெங்காயம் தன் தண்ணீரிலேயே வெந்து கரைந்து கூழாகும். அதற்குப் பிறகுதான் எண்ணெய். விரதமில்லாத நாளென்றால் மசாலா போட்டுக் காய்ச்சிய நிட்டர் கிப்பே என்ற நெய். அப்புறம் பெர்பெரே பொடி. மிளகாயோடு பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், அந்த ஊர் ஏலக்காய் எல்லாம் இடித்துச் சேர்த்த பொடி அது. தேங்காய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. குழம்பின் கெட்டி முழுக்க அந்த வெங்காயத்திலிருந்து வருகிறது. ஊருக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் பருப்புக்கு இந்த முறையைச் செய்துபார்த்தோம். இப்போது அடிக்கடி செய்கிறோம்.

சுத்த சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விரதமில்லாத நாளில் ஷிரோவில்கூட நெய் சேர்ப்பார்கள். சில கடைகளில் கறித்துண்டும் போடுவார்கள். அதனால் எந்த நாளாக இருந்தாலும் ‘ட்சோம்’ என்று சொல்லியே கேளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அவித்த முட்டையோடு வரும் டோரோ வொட் என்ற கோழிக் குழம்பு பண்டிகைச் சமையல். மரபுப்படி ஒரு கோழியை 12 துண்டாகப் போட வேண்டும். டிப்ஸ் என்ற கறி வறுவலை அடியில் கரித்துண்டு கனியும் மண் அடுப்போடு மேசைக்கே கொண்டுவருவார்கள். குராகே மக்களின் கிட்ஃபோ, நெய்யும் மிட்மிட்டா காரப்பொடியும் கலந்த பச்சை மாட்டுக் கொத்துக்கறி. பச்சையாக வேண்டாம் என்றால் லேசாக வதக்கித் தரச் சொல்லலாம்.

ஒரே தட்டு

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தட்டு ஒரு ஆளுக்கு வருவதில்லை. நாலு பேர் போனால் நாலு பேருக்கும் ஒரே தட்டு. எல்லோரும் அதே இஞ்சேராவைக் கையால் பிய்த்து, அதே குவியலில் தொட்டு, அதே ஓரத்திலிருந்து நடுவுக்கு முன்னேற வேண்டும். கடைசியில் குழம்பெல்லாம் ஊறிப்போன அடி இஞ்சேரா மிஞ்சும். ருசியே அதில்தான். அதையும் பங்குபோட்டுத் தின்பார்கள்.

நான் தண்ணீர்ச் சொம்பை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் அடுத்தவர் கை பட்டதைத் தொட்டால் எச்சில். முதல் நாள் கையைக் கழுவிவிட்டு அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்குக் கூசத்தான் செய்தது. பக்கத்தில் இருந்தவர் எங்கள் துறையில் மூத்த ஆசிரியர். என் தயக்கத்தைப் பார்த்தாரோ என்னவோ, இஞ்சேராவில் கொஞ்சம் பருப்பையும் கீரையையும் சுருட்டி என் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார்.

அதற்குக் குர்ஷா என்று பெயர். அன்பு எவ்வளவோ அவ்வளவு பெரிய கவளம். மறுத்தால் வருத்தப்படுவார்கள். “பெமோத்தே” என்று தன் உயிர்மேல் ஆணையிட்டுக் கெஞ்சுவார்கள். வாங்கினால் விரல் உதட்டில் படும். பட்டது. வாயை மூடிக்கொண்டு மென்றேன். நடுத்தர வயதுள்ள ஒரு ஆணுக்கு இன்னொரு ஆண், நாலு பேர் பார்க்க, சோறு ஊட்டுகிறார். அம்மா ஊட்டிய காலத்துக்குப் பிறகு எனக்கு அது நடந்ததில்லை. சுற்றி இருந்த யாருக்கும் அது விசேஷமாகவே தெரியவில்லை. மற்ற இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்கு ஷிரோவைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே தட்டில் உண்டவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டால் சம்பிரதாயமாகத் தோன்றும். சாப்பிட்டால் நம்பத் தோன்றும்.

யார் யார் உட்காரலாம்

கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். சாதாரண நாட்களில் எங்கள் துறை மதியம் இரண்டாகப் பிரிந்துவிடும். கிறிஸ்தவர்கள் ஒரு கடைக்கு, முஸ்லிம்கள் இன்னொரு கடைக்கு. சண்டையெல்லாம் இல்லை. அங்கே மரபாக ஒரு மதத்தார் அறுத்த இறைச்சியை இன்னொரு மதத்தார் உண்பதில்லை. கல்யாண வீட்டில்கூட இரண்டு தரப்புக்கும் தனித்தனியாக அறுத்துச் சமைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிரிவினை இருக்காது. ஜும்மா தொழுகை முடித்துவிட்டு எங்கள் ஆய்வக உதவியாளர் நேராக அந்த விரதக் கடைக்கு வந்துவிடுவார். தட்டில் இறைச்சியே இல்லை என்பதால் யார் அறுத்தது என்ற கேள்வியும் இல்லை. நோன்பிருக்கும் கிறிஸ்தவர், தொழுதுவிட்டு வந்த முஸ்லிம், கறி தொடாத இந்தியன் மூன்று பேரும் அந்தத் தட்டின் முன்னால் எந்தத் தயக்கமும் இல்லாமல் உட்காரலாம். அந்த மேசையில் சைவச் சாப்பாடுதான் எல்லோரையும் சேர்த்து வைத்தது.

இது என்னை ஏன் அவ்வளவு பாதித்தது என்று சொல்கிறேன். நம் ஊரில் சைவம் என்ன வேலை செய்தது என்று யோசித்துப்பாருங்கள்.

திருச்சி வரகனேரியில் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். நாட்டுக்காகச் சகலத்தையும் இழக்கத் துணிந்தவர். 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று, தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அது வெளியே தெரிந்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். 1925 வாக்கில் தமிழ்நாட்டு அரசியலே அதில் கொந்தளித்தது. இரண்டு பையன்களின் இரண்டு இலைகள்! தமிழ்நாட்டு வரலாறு அந்த இலைகளைச் சுற்றித் திரும்பியது என்றால் மிகையில்லை.

ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததை 1941இல்தான் நீக்கினார்கள். 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளீஸ் கபே பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கப் பெரியார் நாள்தோறும் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடை இரட்டைக் குவளையை நான் பழங்கதையாகச் சொல்ல முடியாது. நம் தலைமுறையே கண்ணால் பார்த்தது.

எத்தியோப்பியா சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே தென்மேற்கே கஃபா பகுதியில் மஞ்சோ என்ற மக்களோடு மற்றவர்கள் ஒரே பாத்திரத்தில் உண்ண மறுத்த கொடுமை நீண்ட காலமாக உண்டு. குயவர், தோல் பதனிடுபவர், கொல்லர் என்று கைத்தொழில் செய்தவர்களைத் தள்ளிவைத்த ஊர்களும் உண்டு. ஒதுக்குகிற புத்தி எல்லா நாட்டிலும் சோற்றில்தான் முதலில் தெரிகிறது. அதனாலேயே, ஒதுக்காத ஒரு தட்டைக் கண்டால் அதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

நம்மிடமும் அப்படிப்பட்டவை இல்லாமலில்லை. ஆகஸ்ட் 15 அன்றும் அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் கோயில்களில் சமபந்தி நடக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அங்கே போய் ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றும் சொல்வேன்.

காப்பி வேண்டாமென்று எழுந்துவிடாதீர்கள்

சாப்பிட்டதும் கிளம்புவது அங்கே மரியாதை இல்லை. கடையின் ஒரு ஓரத்தில் பச்சைப் புல்லைப் பரப்பி, குட்டி முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். பச்சைக் காப்பிக்கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து காட்டுவார். வாசனையைக் கையால் முகத்தின் பக்கம் வீசி முகர வேண்டும். பிறகு இடித்து, ஜெபனா என்ற கழுத்து நீண்ட மண் கூஜாவில் காய்ச்சுவார். பக்கத்தில் சாம்பிராணி புகையும். கொறிக்கச் சோளப்பொரி. ஒரே தூளில் மூன்று முறை இறக்குவார்கள்: அபோல், டோனா, பரக்கா. மூன்றாவது வரை இருந்தால்தான் ஆசீர்வாதம். சிலர் கோப்பையில் ஒரு கொத்து அருவதா போட்டுக் கொடுப்பார்கள். அந்த மணம் இன்னும் எனக்கு வேண்டியிருக்கிறது.

விடுமுறை முடிந்து திரும்பும்போதெல்லாம் நான் மணப்பாறை முறுக்கு கொண்டுபோவேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முறுக்கு அதற்கு முன்பே அந்தக் காப்பித் தட்டில் இடம் பிடித்துவிட்டது. பெரிய நோன்பு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், காப்பி ஊற்றுகிற அம்மா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு பால் உண்டா, வெண்ணெய் உண்டா, முட்டை உண்டா என்று வரிசையாக விசாரித்தார். அரிசி மாவு, உளுந்து மாவு, எள், ஓமம், எண்ணெய், உப்பு என்று சொன்னேன். சரியென்று கடித்தார். ஓமம் அவருக்குத் தெரிந்த மணம். பாதியை உடைத்துத் தன் மகள் வாயில் ஊட்டினார்.

எங்கே போகலாம்

அடிஸ் அபாபா போகிறவர்கள் பியாஸா பகுதியில் இருக்கும் தைட்டு ஹோட்டலைப் பாருங்கள். இரண்டாம் மெனலிக்கின் மனைவி, பேரரசி தைட்டு தொடங்கியது. அந்த நாட்டின் முதல் ஹோட்டல். காசு கொடுத்துச் சாப்பிடுவது அந்தக் காலத்தில் கௌரவக் குறைவாகப் பட்டதால் ஆளே வரவில்லை, மன்னரே பிரபுக்களை வரவழைத்துப் பழக்க வேண்டியிருந்தது என்று கதை சொல்வார்கள். 2015 ஜனவரியில் தீப்பிடித்து அதில் ஒரு பகுதி சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். அங்கே மதியம் போடும் மரக்கறி விருந்துக்குத் தனிப் பெயர் உண்டு.

எத்தியோப்பியா போகாமலேயே இதெல்லாம் கிடைக்கும். 1974இல் ஹைலே செலாசி ஆட்சி கவிழ்ந்து ராணுவ ஆட்சி வந்த பிறகு பெருங்கூட்டம் நாட்டை விட்டு வெளியேறியது. போன இடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். வாஷிங்டனில் 1978இல் ‘மாமா டெஸ்டா’ என்ற கடை திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஃபேர்ஃபாக்ஸ் சாலையின் ஒரு பகுதிக்கு 2002இல் ‘லிட்டில் எத்தியோப்பியா’ என்றே நகராட்சி பெயர் வைத்தது. டொராண்டோ டான்ஃபோர்த் சாலையில் வரிசையாகக் கடைகள் உண்டு. 1983க்குப் பிறகு அதே ஊருக்கு உயிர் தப்பி வந்த நம் ஈழத்து மக்கள் ஸ்கார்பரோவில் இடியப்பமும் கொத்துரொட்டியும் விற்கிறார்கள். இரண்டு ஜனங்களும் ஊரை இழந்தாலும் சமையலை விடவில்லை. டொராண்டோவில் இருக்கும் தமிழர்கள் அந்தக் கடைகளுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பது என் ஆசை.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தை மட்டும் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். அலுவலகத்தில் தினமும் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற ஒருவர் இருப்பார். இதுவரை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அவரைக் கூப்பிடுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் நம்மைப் பார்த்ததும், தனித்தனித் தட்டில் போடட்டுமா என்று மரியாதைக்குக் கேட்பார்கள். வேண்டாம், ஒரே தட்டு போதும் என்று சொல்லுங்கள்.